பின்சக்கரப் பக்கம் சத்தம் கேட்டால்: மலைப்பாதையிலேயே கண்டறியும் முறை

மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, கல்லாறு தாண்டி, பர்லியாறை நெருங்கும் நேரத்தில் பின்இருக்கையில் இருப்பவர், "பின்னாடி ஏதோ சத்தம் வருதே, கேட்குதா?" என்பார். கண்ணாடியை இறக்கினால் கேட்கும், ஏற்றினால் அடங்கிவிடும். குன்னூர் வந்து சேர்வதற்குள் வண்டியில் இருக்கும் நான்கு பேரும் நான்கு காரணங்களைச் சொல்லியிருப்பார்கள். மறுநாள் பட்டறைக்குப் போனால் ஐந்தாவதாக ஒரு காரணம் கிடைக்கும். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பின்சக்கரமும் அதன் பேரிங்கும் பிரேக்கும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஆகவே இந்தச் சத்தத்தை ஊகத்துக்கு விட்டுவிடாமல் முறையாகப் பிரித்துப் பார்க்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பட்டறையில் "என்ன மாதிரி சத்தம்?" என்று கேட்டால் நாம் வாயால் செய்து காட்டுகிறோம். ஊளை, உறுமல், கீச்சு, கரகரப்பு என்ற சொற்கள் ஆளுக்கு ஆள் வேறு பொருள் தருபவை. ஒருவர் ஊளை என்பதை இன்னொருவர் இரைச்சல் என்பார். அதைவிடப் பயன்படும் கேள்வி, அந்தச் சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதுதான். ஏறும்போதா, இறங்கும்போதா, வலப்பக்க வளைவிலா, இடப்பக்க வளைவிலா, பிரேக் மிதித்தாலா, மிதிக்காவிட்டாலா, வண்டியின் வேகத்தோடு கூடுகிறதா, என்ஜினின் வேகத்தோடு கூடுகிறதா என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் பாதிக்கு மேற்பட்ட சந்தேகங்கள் சாலையிலேயே தீர்ந்துவிடும். இந்த விஷயத்தில் மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சமவெளியில் ஒரு வண்டியின் பின்ஆக்ஸிலின் மேல் ஏற்றச் சுமையும் இறக்கச் சுமையும் வளைவுச் சுமையும் தனித்தனியாக, நீண்ட நேரம் விழும் சாலை கிடைப்பது அரிது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையில் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்த மலைப்பாதை, ஏறினால் ஒரு சோதனை, இறங்கினால் இன்னொரு சோதனை என்று நமக்காகவே போட்டு வைத்ததைப் போல அமைந்திருக்கிறது.

இதை நான் செலவு செய்துதான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வண்டியில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்புறத்திலிருந்து சீரான ஊளை ஒன்று கிளம்பியது. கிரவுன் பினியன், அதாவது பின்ஆக்ஸிலின் நடுவில் என்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் பல்சக்கர ஜோடி, போய்விட்டது என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அதை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கைப் பிரித்து, பேரிங்குகளை மாற்றி, புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். பணத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்பும்போது, அருவங்காடு வருவதற்குள் அதே ஊளை அதே வேகத்தில் மறுபடியும் கேட்டது. கடைசியில் பார்த்தால் பின் டயர் இரண்டிலும் ஓரத்துப் பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர்க் கட்டிகள்) படிக்கட்டுபோல ஒன்றுவிட்டு ஒன்று தேய்ந்திருந்தன. உள்ளங்கையை டயரின் மேல் வைத்து ஒரு திசையில் தடவியபோது வழுவழுப்பாகவும், எதிர்த்திசையில் தடவியபோது அரத்தைத் தொட்டதுபோலவும் இருந்தது. பிரிப்பதற்கு முன் அரை நிமிடம் டயரைத் தடவிப் பார்த்திருந்தால் போதும்.

எந்தச் சக்கரம் இழுக்கிறது?

சத்தத்தைத் தேடுவதற்கு முன் உங்கள் வண்டியின் என்ஜின் எந்தச் சக்கரங்களைச் சுற்றுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆல்ட்டோ, ஸ்விஃப்ட் போன்ற சிறு கார்களில் முன்சக்கரங்களே இழுக்கின்றன. பின்சக்கரம் சும்மா உருண்டு வருவது. அத்தகைய வண்டியின் பின்புறத்தில் கிரவுனும் இல்லை, பினியனும் இல்லை; அங்கே சத்தம் வந்தால் டயர், பேரிங், பிரேக், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சைலன்சர் ஆகியவற்றுக்குள்தான் தேட வேண்டும். ஆம்னி, ஈகோ, பொலேரோ, சுமோ, பழைய இன்னோவா போன்றவற்றில் பின்சக்கரம் தள்ளுகிறது. கியர் பாக்ஸிலிருந்து ஒரு புரொப்பல்லர் ஷாஃப்ட் பின்னோக்கிப் போய், கிரவுனும் பினியனும் அடங்கிய, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுகிற டிஃபரன்ஷியல் வழியாக இரண்டு ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளைச் சுற்றுகிறது. இவற்றில் சத்தம் போடக்கூடிய உறுப்புகள் கூடுதல். அதனால்தான் தவறாகக் கணிக்கும் வாய்ப்பும் கூடுதல்.

வண்டியை எடுப்பதற்கு முன்

டிக்கியை முழுவதும் காலி செய்யுங்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், இருக்கைக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஸ்டெப்னி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு கையாலும் உலுக்கிப் பாருங்கள். வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியாக இருந்தால் அதைப் பிடித்திருக்கும் சங்கிலியையோ தாங்கியையோ பார்க்க வேண்டும். சைலன்சர் குளிர்ந்திருக்கும்போது அதைக் கையால் அசைத்தால், ஆக்ஸிலிலோ பாடியிலோ அது இடிக்கும் இடத்தில் பளபளவென்று தேய்ந்த தடம் தெரியும். தேயிலைத் தோட்டத்துக் கல் பாதைகளில் போய்வரும் வண்டிகளில் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருப்பதை அடிக்கடி காணலாம்.

அடுத்தது டயர். காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். பட்டன்களின் இடுக்கில் சிக்கிய சல்லிக் கல்லை நோண்டி எடுங்கள். "டிக் டிக்" என்று வேகத்துக்கேற்ப அடிக்கும் சத்தத்துக்கு ஒரே ஒரு கல் போதும். பிறகு வீல் நட்டுகள். அண்மையில் பஞ்சர் போட்டிருந்தாலோ டயர் மாற்றியிருந்தாலோ இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நட்டு தளர்ந்த சக்கரம் மெதுவாகப் போகும்போது "டொக் டொக்" என்று அடிக்கும். அந்த நிலையில் இறக்கத்தில் போவது ஆபத்து. வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு எதிரெதிர் வரிசையில் இறுக்கி, ஐம்பது முதல் நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சாலையில் கேட்பது

ஓட்டுகிறவர் ஓட்டட்டும், கேட்பதற்கு இன்னொருவர் பின்இருக்கையில் உட்காரட்டும். கொண்டை ஊசி வளைவில் ஒரு காதைச் சத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டு ஓட்டுவது சரியல்ல. கேட்பவர் கையில் சிறு தாளோ கைபேசியோ வைத்துக்கொண்டு, இடம், வேகம், கியர், ஏற்றமா இறக்கமா, எந்தப் பக்க வளைவு என்பதை அப்போதைக்கப்போது குறித்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சமதளத்தில் ஒரு சோதனை. மலையில் நேரான சமதளம் கிடைப்பது கடினம் என்பதால், கீழே போகும் நாளில் மேட்டுப்பாளையம்–காரமடை சாலையில், போக்குவரத்து குறைந்த நேரத்தில் இதைச் செய்வது நல்லது. சத்தம் வரும் வேகத்தை எட்டியதும், கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டு வந்து சில விநாடிகள் வண்டியை உருள விடுங்கள். என்ஜின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தால், என்ஜினையும் கிளட்சையும் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான் சத்தம் போடுகிறது. இந்தச் சோதனையை மலைப்பாதையின் இறக்கத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது. நியூட்ரலில் இறங்கினால் என்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும், பிரேக்கின் உரசு பட்டையான லைனர் சூடேறிப் பிடிப்பு குறையும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் நடந்த விபத்துகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியதால் நேர்ந்தவை பல. அங்கே சாலை ஓரத்துப் பலகைகள் தாழ்ந்த கியரில் இறங்கச் சொல்வதன் காரணமும் அதுவே.

கியர் பாக்ஸின் சத்தத்தையும் ஒரு எளிய வழியில் பிரித்தறியலாம். பின்சக்கரம் தள்ளும் ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் நான்காவது கியர் நேர் இணைப்பு. அதில் உள்ளே இருக்கும் துணைத் தண்டின் பல்சக்கரங்கள் வழியாகச் சுமை போவதில்லை. இரண்டிலும் மூன்றிலும் கேட்கிற ஊளை, அதே சாலை வேகத்தில் நான்கில் காணாமல் போனால், அது பின்ஆக்ஸிலில் இல்லை, கியர் பாக்ஸில் இருக்கிறது. எந்தக் கியரில் போனாலும் சாலை வேகத்துக்கு மட்டும் கட்டுப்படுகிற சத்தம் கியர் பாக்ஸைத் தாண்டிப் பின்னால் இருக்கிறது.

இப்போது மலைப்பாதைக்கு வருவோம். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கும்போது, பினியனின் பற்கள் கிரவுனின் பற்களை ஒரு முகத்தில் அழுத்துகின்றன. தாழ்ந்த கியரில், ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்கும்போது சக்கரம் என்ஜினைச் சுற்றுகிறது. அப்போது அதே பற்களின் மறுமுகம் அழுந்துகிறது. சமவெளியில் இந்த இரண்டாம் நிலை சில விநாடிகளே நீடிக்கும். குன்னூரிலிருந்து கல்லாறு வரை இறங்கினால் அது பெரும்பாலான நேரம் நீடிக்கிறது. எனவே ஏறும்போது மட்டும் மெல்லிய, கூர்மையான ஊளை எழுந்து, காலை எடுத்தவுடன் அடங்கினால், கிரவுன் பினியனின் பற்களில் ஏற்றத்தில் அழுந்தும் முகம் தேய்ந்திருக்கலாம். இறங்கும்போது மட்டும் எழுந்தால் பெரும்பாலும் பினியன் பேரிங் தளர்ந்திருக்கும், அல்லது பினியன் நட்டின் இறுக்கம் குறைந்திருக்கும். ஏற்றம், இறக்கம் இரண்டிலும் மாறாமல், வேகத்தை மட்டும் பின்பற்றி ஒரே மாதிரி உறுமுவது கிரவுன் பினியனின் குணமல்ல. அது வீல் பேரிங்காகவோ டயராகவோ இருக்கும். எங்கள் வண்டியில் அன்று இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்திருந்தால் ஹவுசிங்கைத் தொட்டிருக்கவே தேவையில்லை.

வீல் பேரிங்கா டயரா என்பதை வளைவுகள் சொல்லிவிடும். வண்டி வலப்பக்கம் திரும்பும்போது அதன் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. இடப்பக்கம் திரும்பும்போது வலப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. நீளமான வலப்பக்க வளைவில் உறுமல் கூடி, இடப்பக்க வளைவில் குறைந்தால், பெரும்பாலும் இடது பேரிங்தான் போயிருக்கிறது. இதற்குக் கொண்டை ஊசி வளைவைவிட அவற்றுக்கு இடையில் வரும் நீண்ட வளைவுகளே ஏற்றவை என்பது என் அனுபவம். கொண்டை ஊசியில் வேகம் மிகவும் குறைந்துவிடுவதால் பேரிங்கின் உறுமல் கேட்காத அளவுக்குத் தணிந்துவிடுகிறது. முப்பது நாற்பதில் போகிற நீண்ட வளைவில் தெளிவாகக் கேட்கிறது. டயர் சத்தம் வளைவைவிடச் சாலைப் பரப்புக்குத்தான் அதிகம் கட்டுப்படும். புதிதாகத் தார் போட்ட வழுவழுப்பான இடத்தில் அடங்கி, சல்லி தெரியும் பழைய பரப்பில் எழுந்தால் டயரையே சந்தேகியுங்கள். உறுதி செய்ய, முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் இடம் மாறினால் விடை கிடைத்துவிட்டது. ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை அதே பக்கத்திலேயே முன்பின்னாக மாற்ற வேண்டும்.

மலையில் காதை ஏமாற்றும் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். ஒரு பக்கம் பாறையோ தடுப்புச் சுவரோ இருக்கும் இடத்தில், அந்தப் பக்கக் கண்ணாடியை இறக்கினால் சக்கரச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி, பலமடங்காகக் கேட்கும். பள்ளத்தாக்கு இருக்கும் பக்கத்தில் அதே சத்தம் வெளியில் கரைந்துவிடும். இதை அறியாமல், "இடது பின்சக்கரத்தில்தான் சத்தம்" என்று அடித்துச் சொல்பவர்கள் பலர். உண்மையில் இடப்பக்கம் சுவர் இருந்திருக்கும், அவ்வளவுதான். சுவர் எதிர்ப்பக்கத்துக்கு மாறும் வரை காத்திருந்து, இரண்டு இடங்களிலும் கேட்டதை ஒப்பிட்ட பிறகே பக்கத்தை முடிவு செய்யுங்கள். சத்தம் முன்னாலா பின்னாலா என்பதிலும் காது தவறும். கார் பாடியின் வழியாக ஓசை பரவுவதால் முன் பேரிங்கின் உறுமல் பின்இருக்கைக்கு அடியில் கேட்பதும் உண்டு.

ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை?

விட்டுவிட்டு வரும் சத்தங்களுக்கு, அதாவது "டக் டக்", "கீச் கீச்" என்று எண்ணக்கூடியவற்றுக்கு, ஒரு கணக்கு உதவும். டயரின் ஓரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, கோடு தரையில் படும் இடத்தையும், ஒரு முழுச் சுற்று உருண்டபின் அது மறுபடியும் படும் இடத்தையும் குறித்து, இடைப்பட்ட தூரத்தை அளந்துகொள்ளுங்கள். ஆம்னி அளவுள்ள சிறு சக்கரத்துக்கு ஏறத்தாழ 1.7 மீட்டரும், பொலேரோ அளவுள்ள பெரிய சக்கரத்துக்கு ஏறத்தாழ 2.2 மீட்டரும் வரும். மணிக்கு 8 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 2.2 மீட்டர். ஆகவே பெரிய சக்கரம் அந்த வேகத்தில் விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும். புரொப்பல்லர் ஷாஃப்ட்டோ, டிஃபரன்ஷியலின் விகிதம் நான்குக்கு அருகில் இருக்கும் வண்டியில், அதே நேரத்தில் நான்கு சுற்று சுற்றிவிடும்.

இதன் பயன் என்னவென்றால், மெதுவாகப் போகும்போது விநாடிக்கு ஒருமுறை அடிக்கிற சத்தம் சக்கரத்தோடு சேர்ந்தது. டயரில் கல், தளர்ந்த நட்டு, வட்டம் தப்பிய டிரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். குருவி கத்துவதுபோல அதைவிடப் பலமடங்கு வேகமாகக் "கீச் கீச் கீச்" என்று வந்தால், அது ஷாஃப்ட்டோடு சேர்ந்தது. மெக்கானிக்குகள் "கிராஸ்" என்று சொல்லும் யூனிவர்சல் ஜாயின்டில் கிரீஸ் வற்றிப்போனால் வரும் சத்தம் அது. அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தால், கிராஸின் நான்கு தொப்பிகளில் எது வற்றியதோ அதன் விளிம்பைச் சுற்றிச் செங்கல் பொடி தூவியதுபோல நுண்ணிய துருத்தூள் படிந்திருக்கும். விரலால் தொட்டால் ஈரமில்லாமல் உதிரும். அந்தத் தூளைக் கண்டபின் வேறு சாட்சி தேவையில்லை; உள்ளே இருக்கும் ஊசி பேரிங் அரைபட ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

கிராஸ் முற்றும்போது கீச்சு போய் "டொக்" வரும். நின்ற வண்டியை நகர்த்தும்போதும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றும்போதும், இறக்கத்தில் காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போதும் அடியில் ஒற்றை அடியாக அது விழும். கிரவுன் பினியன் தேய்ந்து ஆட்டம் கூடியிருந்தாலும் இதே "டொக்" கேட்கும். இரண்டையும் பிரிக்க, என்ஜின் நின்று வண்டி அசையாமல் இருக்கும்போது ஷாஃப்ட்டைக் கையால் இரு பக்கமும் முறுக்கிப் பாருங்கள். கிராஸின் இரு முகங்களும் ஒன்றுக்கொன்று அசைந்தால் தவறு கிராஸில்; இரு முகங்களும் சேர்ந்தே திரும்பி, டிஃபரன்ஷியலின் மூக்குப் பகுதியில் ஆட்டம் தெரிந்தால் தவறு உள்ளே. சிறு ஆட்டம் எல்லா வண்டிகளிலும் இருக்கும். மேலும் கீழும் அசைவது மட்டும் எந்த வண்டியிலும் இருக்கக் கூடாது. இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் நடுவே தொங்கும் சென்டர் பேரிங்கையும் அதன் ரப்பரையும் மறக்காமல் பாருங்கள்.

சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது

இது மிகவும் பயன் தரும் சோதனை. கவனம் தப்பினால் உயிருக்கு ஆபத்தும் இதில்தான் உண்டு. பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும், கியரை நியூட்ரலில் போட வேண்டும். அதாவது வண்டியைப் பிடித்து நிறுத்தும் இரண்டும் இல்லாமல் போகும். எனவே சரிவான இடத்தில் இதைச் செய்யவே கூடாது. நம் ஊரில் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் சரிவுதான் என்பதால், சமதளமான இடத்தைத் தேடிப் போய்ச் செய்யுங்கள். முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டு வைத்து, ஸ்டாண்டின் மேல் எடை இறங்கியதை உறுதி செய்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். பழைய ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ஷாஃப்ட்டைப் பிடிக்கும். அத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய நொடியே, டிஃபரன்ஷியல் காரணமாக, ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும்.

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து உலுக்குங்கள். "டக்" என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிறகு, வண்டியில் சுருள் ஸ்பிரிங் இருந்தால், ஒரு கையின் விரல்நுனிகளை ஸ்பிரிங்கின் மேல் லேசாக வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றி விடுங்கள். நல்ல பேரிங் சுற்றுவதை விரல் உணராது. கெட்ட பேரிங்கில், மணல் கலந்த மாவை அரைக்கும்போது ஆட்டுக்கல்லில் தெரியும் நறநறப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்து சேரும். காதுக்கு எட்டாத தேய்மானமும் இந்த விரல்நுனிக்கு எட்டும். எத்தனை கருவிகள் வந்தாலும் நான் முதலில் நம்புவது இதைத்தான். பட்டை ஸ்பிரிங் வண்டியில் பிரேக் தட்டின் மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். வண்டியைத் தூக்கி வைத்து, என்ஜினை ஓட்டி, கியர் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டுக் கேட்பதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள். ஒரு சக்கரம் தரையில் நிற்க மற்றது தூக்கியிருந்தால், தூக்கிய சக்கரம் வழக்கத்தைவிட இரு மடங்கு வேகத்தில் சுழலும் என்பதும், தரையில் நிற்கும் சக்கரம் பிடித்துக்கொண்டால் வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சூட்டை வைத்தும் ஒரு சோதனை செய்யலாம். ஏறி முடித்து நிறுத்தியதும், பின்சக்கரங்களின் நடுப்பகுதிக்கு அருகில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டுங்கள். ஏற்றத்தில் பிரேக்கை அதிகம் பயன்படுத்துவதில்லை என்பதால் இரண்டு பக்கமும் இளஞ்சூடாகத்தான் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது, அல்லது பேரிங் காய்ந்துவிட்டது. இறங்கி வந்ததும் பார்த்தால் எல்லாச் சக்கரமும் சூடாக இருக்கும். அப்போது ஒன்றும் விளங்காது.

மழையும் பிரேக்கும் எண்ணெயும்

ஜூன் முதல் டிசம்பர் வரை இங்கே ஏதோ ஒரு மழை பெய்துகொண்டே இருக்கும். இரவு முழுவதும் நனைந்த வண்டியைக் காலையில் எடுத்தால், முதல் சில பிரேக்குகளுக்குக் கரகரவென்று கேட்பது டிரம்மிலும் டிஸ்கிலும் படிந்த மெல்லிய துரு. அது தானாகத் தேய்ந்துபோகும், கவலை வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு நாள் கணக்கில் நிறுத்திய வண்டியில் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, கிளப்பும்போது "டக்" என்று விடுபடுவதும் உண்டு. நீண்ட நாள் நிறுத்த வேண்டியிருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுவது நல்லது. பிரேக் மிதித்தால் மாறுகிற சத்தம் எதுவாக இருந்தாலும், டிரம்மைக் கழற்றிப் பார்க்காமல் மலை இறங்காதீர்கள். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் என்றால் லைனர் தீர்ந்துவிட்டது.

டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பலர் பார்ப்பதே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, நிரப்பும் துளையின் மூடியைக் கழற்றினால் எண்ணெய் துளையின் விளிம்பு வரை இருக்க வேண்டும். விரலில் கொஞ்சம் தொட்டு, சூரிய ஒளியில் சாய்த்துப் பாருங்கள். மை போன்ற கருஞ்சாம்பல் நிறம் இயல்பானது. வெள்ளிப்பொடி தூவியதுபோல மின்னினால் தேய்மானம் நடக்கிறது. நகத்தில் உரசி உணரக்கூடிய துகள் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அன்றே ஓட்டுவதை நிறுத்த வேண்டும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஏறி வந்து சூடான ஹவுசிங் சாலையில் ஓடும் வெள்ளத்தில் திடீரென்று குளிரும்போது, உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகவும் மூச்சுத் துளை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சுகிறது. ஹவுசிங்கின் மேல் இருக்கும் அந்த மூச்சுத் துளை சேற்றால் அடைபட்டால், நேர்மாறாக உள்ளழுத்தம் கூடி, ஆக்ஸில் சீலைத் தாண்டி எண்ணெய் வெளியேறி பிரேக் லைனரை நனைக்கும். சக்கரத்தின் உட்பக்கத்தில் எண்ணெய்க் கசிவு கண்டால் அதைச் சத்தப் பிரச்சினையாக மட்டும் எண்ண வேண்டாம். அந்தச் சக்கரத்தின் பிரேக்கை நம்ப முடியாது.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டிகளில், மாருதி ஜிப்ஸியோ பழைய மஹிந்திரா தாரோ, சேற்றுப் பாதையில் போட்ட நான்கு சக்கர இணைப்பை எடுக்காமல் காய்ந்த தார்ச்சாலையில் வந்துவிட்டால், கொண்டை ஊசி வளைவில் வண்டி முனகி, இழுத்துப் பிடித்து, "டக்" என்று விடும். பழுது ஏதும் இல்லை, லீவரைப் பாருங்கள். அப்படியே தொடர்ந்து ஓட்டினால்தான் பழுது வரும்.

எப்போது ஓட்டக் கூடாது?

டயர் ஊளையோடும், ஆரம்ப நிலைக் கிராஸ் கீச்சோடும் பட்டறை வரை மெதுவாகப் போகலாம். உலுக்கும்போது ஆட்டம் தெரிகிற பேரிங்கோடும், சக்கரத்தின் உட்பக்கக் கசிவோடும், "டொக்" என்று அடிக்கிற ஷாஃப்ட்டோடும், நடுங்குகிற ஷாஃப்ட்டோடும் மலை இறங்குவது கூடாது. ஷாஃப்ட் முன்முனையில் அறுந்து தரையில் குத்தினால் வண்டியைக் குப்புறத் தள்ளும். சில வகை ஆக்ஸில்களில் பேரிங்தான் ஆக்ஸில் ஷாஃப்ட்டையே உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. அது உடைந்தால் சக்கரம் ஷாஃப்ட்டோடு வெளியே வந்துவிடும். அத்தகைய நிலையில் வண்டியை ஏற்றிச் செல்லும் லாரியை வரவழைப்பதே முறை. கட்டி இழுக்க நேர்ந்தால், பின்சக்கரம் தள்ளும் வண்டியில் பின்சக்கரங்களைத் தூக்கியோ, ஷாஃப்ட்டைக் கழற்றியோ இழுக்க வேண்டும். நள்ளிரவில் கல்லட்டியிலோ முதுமலைச் சாலையிலோ இப்படி நேர்ந்தால், வண்டியை ஓரம் கட்டி, விளக்கைச் சிமிட்ட விட்டு, உள்ளேயே உட்கார்ந்து உதவிக்குப் போன் செய்யுங்கள். யானை நடமாடும் இடத்தில் இறங்கி அடியில் படுத்துப் பார்க்க வேண்டாம்.

பட்டறையில் வண்டியை விடும்போது, "பின்னாடி சத்தம்" என்று மட்டும் சொல்லாமல், குறித்து வைத்ததைச் சொல்லுங்கள்: "முப்பத்தைந்துக்கு மேல் உறுமுகிறது, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே மாதிரி, நீண்ட வலப்பக்க வளைவில் கூடுகிறது, ஏறி நின்றபோது இடது பின்சக்கரம் சூடாக இருந்தது." இவ்வளவு சொன்ன பிறகு நல்ல மெக்கானிக் யாரும் கிரவுனைப் பிரிக்கலாம் என்று தொடங்க மாட்டார், தொடங்கினால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கழற்றிய பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கி, கையில் சுற்றிப் பாருங்கள். அதிலும் அந்த நறநறப்பு இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், பணம் கட்டுவதற்கு முன் மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு, சத்தத்தை முதலில் குறித்த அதே பாதையில், அதே வேகத்தில், அதே வளைவுகளில் ஒருமுறை ஓட்டிவிட்டு வாருங்கள்.